பயிர் முங்கினால் முதலில் வடிகால், பிறகுதான் யூரியா: சம்பா பட்டக் கேள்வி-பதில்

டெல்டாவில் சம்பா நெல் தூர் கட்டும் (பக்கத் தண்டு விடும்) நேரமும் வடகிழக்குப் பருவமழை கொட்டும் நேரமும் ஒன்றாகவே வருகின்றன. இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதி தண்ணீர் தேங்கியதைப் பற்றியவை. பூச்சி, பயிற்சி, காப்பீடு, அறுவடைக்குப் பின் உளுந்து பற்றியும் கேட்டிருக்கிறார்கள். அளவுகளை ஏக்கர் கணக்கில் தந்திருக்கிறோம். மா கணக்கில் உரம் போடுபவர்கள் மூன்றால் வகுத்துக்கொள்ளலாம்.

நட்டு 30 நாள் ஆன சம்பா ஐந்து நாளாக முங்கிக் கிடக்கிறது. இப்போதுதான் நுனி தெரிகிறது. உடனே யூரியா போட்டால் தேறிவிடும் என்கிறார்கள். போடலாமா?
*திருத்துறைப்பூண்டி வாசகர்*

இப்போது போடாதீர்கள். முங்கிய பயிரின் வேர் காற்று இல்லாமல் செயலிழந்து இருக்கும். சில குத்துகளை (ஒரே இடத்தில் நட்ட நாற்றுக் கொத்துகளை)ப் பிடுங்கிப் பாருங்கள், வேர் கறுத்திருக்கும். அந்த வேரால் உரத்தை எடுக்க முடியாது. தேங்கிய தண்ணீரில் விழும் யூரியாவில் ஒரு பங்கு வடிகாலோடு ஓடும், ஒரு பங்கு காற்றில் போகும். மூட்டைக் காசு வீணாவதோடு, பிறகு வெயில் அடித்ததும் மீதித் தழைச்சத்து ஒரேயடியாக ஏறி இலை கரும்பச்சையாகும். இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் அந்தப் பச்சையைத் தேடித்தான் வருகின்றன.

முதல் வேலை வடிகால். வயலின் தாழ்ந்த மூலையில் வரப்பை வெட்டிவிடுங்கள். வரப்பை வெட்டியும் தண்ணீர் நகரவில்லை என்றால் கோளாறு வெளியே இருக்கிறது. வடிகாலில் வெங்காயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்திருக்கும். நாலைந்து பேர் சேர்ந்து அதை எடுப்பதற்கு இணையான மருந்து எதுவும் கடையில் இல்லை. கடலோரப் பகுதியில் ஓதம், அதாவது கடல்மட்டம், ஏறும்போது வடிகால் எதிர்த்து நிற்கும். ஓதம் இறங்கும் நேரம் பார்த்து மடையைத் திறந்து, ஏறும் நேரத்தில் மூடுங்கள். இல்லாவிட்டால் உப்புத் தண்ணீர் உள்ளே வரும்.

தண்ணீரை ஒரே நாளில் முழுக்க இறக்க வேண்டாம். வெயில் சுள்ளென்று அடிக்கும் நாளில் மொத்தமாக வடித்தால், தண்ணீருக்குள் இருந்து மென்மையாகிப்போன இலை கருகிவிடும். நுனியில் பாதி வெளியே தெரியும்வரை வடித்து, மறுநாள் மீதியை வடியுங்கள். இலையில் வண்டல் படிந்திருந்தால் வெறும் தண்ணீரைக் கைத்தெளிப்பானில் ஊற்றி அடித்துக் கழுவிவிடுவது நல்லது.

அடுத்தது, பயிர் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது. குத்தின் அடித்தண்டை இரண்டு விரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருந்து, நடுக்குருத்து பச்சையாக இருந்தால் பிழைக்கும். கொழகொழவென்று நசுங்கி நாற்றம் வந்தால் அந்தக் குத்து போய்விட்டது. வடித்து மூன்று நான்கு நாளில் அடியில் வெள்ளை வேரும் புதுக் குருத்தும் எட்டிப்பார்க்க வேண்டும். அதுவரை பயிருக்கு உணவு இலை வழியாகத்தான் போக வேண்டும். ஏக்கருக்கு 2 கிலோ யூரியா, 1 கிலோ துத்தநாக சல்பேட் இரண்டையும் 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து, வடித்த மறுநாள் மாலையில் தெளியுங்கள். இந்தக் கரைசலில் மணிச்சத்து உரமான டி.ஏ.பி.யைச் சேர்க்காதீர்கள். துத்தநாகமும் மணிச்சத்தும் சேர்ந்து அடியில் வெள்ளையாகப் படிந்து, இரண்டுமே பயிருக்குக் கிடைக்காமல் போகும்.

வெள்ளை வேர் வந்த பிறகு மேலுரம் போடலாம். ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு மூன்றையும் கலந்து ஓர் இரவு மூடி வையுங்கள். காலையில் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து, தண்ணீரைச் சுண்டவைத்த வயலில் தூவுங்கள். மா கணக்கில் யூரியா ஏழு கிலோவுக்குச் சற்று மேல், பொட்டாஷ் ஆறு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. வேப்பம்புண்ணாக்கு யூரியா வேகமாகக் கரைந்து வீணாவதைத் தடுக்கிறது. பொட்டாஷை விட்டுவிடாதீர்கள். முங்கி எழுந்த பயிரின் தண்டுக்கு அதுதான் பலம்.

செத்த இடங்களை, பக்கத்தில் நன்றாகத் தூர் வெடித்த குத்துகளைப் பிரித்து நட்டு நிரப்புங்கள். அதே வயதுப் பயிராக இருப்பதால் ஒன்றாகவே கதிர் வரும். புது நாற்றை வைத்தால் அறுவடையில் பாதி பழுத்தும் பாதி பாலாகவும் நிற்கும். வயலில் பாதிக்கு மேல் போய்விட்டால்தான் மறுநடவு பற்றி யோசிக்க வேண்டும். நவம்பர் பாதி தாண்டியிருந்தால் கோ 51, ஆடுதுறை 36 போன்ற 110 நாளுக்கு மேல் போகாத ரகம் மட்டுமே சரிப்படும். அதிலும் மேட்டூர் தண்ணீர் வழக்கமாக ஜனவரி 28 வரைதான். போர்வெல் வசதி இல்லாத வயலில் மறுநடவு செய்து, கதிர் வரும் நேரத்தில் வாய்க்காலைப் பார்த்து நிற்பதைவிட, தை மாத உளுந்துக்கு நிலத்தைத் தயார் செய்வதே மேல் என்பது எங்கள் கருத்து.

சி.ஆர். 1009 சப்-1 போட்டிருக்கிறேன். எவ்வளவு தண்ணீர் வந்தாலும் தாங்கும் என்று விதை வாங்கும்போது சொன்னார்கள். உண்மையா?
*தலைஞாயிறு வாசகர்*

ஓரளவுக்கு உண்மை. மற்ற ரகங்கள் முங்கியதும் தண்ணீருக்கு மேலே வர நீண்டு, சேர்த்து வைத்த சத்தையெல்லாம் செலவழித்துவிடும். வடிந்ததும் நிற்கத் தெம்பில்லாமல் சாயும். சப்-1 மரபணு உள்ள ரகம் அந்த நீட்சியை நிறுத்திவைத்து, சத்தை மிச்சம் பிடித்து, வடிந்ததும் துளிர்க்கிறது. இரண்டு வாரம்வரை முழுக்க முங்கியிருந்தாலும் பிழைக்கும்.

ஆனால் இது தூர் கட்டும் பருவத்துக்கு உள்ள பாதுகாப்பு. பூக்கும் நேரத்தில் முங்கினால் எந்த ரகமும் பதராகும். முழங்கால் தண்ணீர் மாதக் கணக்கில் நிற்கும் பள்ளத்துக்கும் இந்த மரபணு உதவாது. கலங்கிய தண்ணீரில் வெளிச்சம் உள்ளே போகாததால் தாங்கும் நாளும் குறையும். வடிந்த பிறகு செய்ய வேண்டிய வேலை இந்த ரகத்துக்கும் மேலே சொன்னதுதான்.

நட்ட மூன்றாம் வாரத்தில் அடியிலைகளில் துரு போலப் புள்ளி. பயிர் திட்டுத் திட்டாகக் குட்டையாக நிற்கிறது. பூச்சிமருந்து அடித்தும் மாற்றமில்லை.
*ஒரத்தநாடு வாசகர்*

பூச்சிமருந்துக்கு இது அடங்காது, துத்தநாகக் குறைபாட்டின் அடையாளம் இது. அடியிலையின் நடுநரம்பை, இலை தண்டோடு சேரும் இடத்தில் பாருங்கள். அங்கே வெளுத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். தண்ணீர் தொடர்ந்து நின்ற பள்ளத்திலும், களர் தன்மையுள்ள போர்த் தண்ணீர் பாயும் வயலிலும், அடியுரமாக டி.ஏ.பி.யை அள்ளிக் கொட்டிய இடத்திலும் மண்ணில் துத்தநாகம் இருந்தும் பயிருக்குக் கிடைக்காது.

நிற்கும் பயிருக்கு 200 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ துத்தநாக சல்பேட், 2 கிலோ யூரியா கலந்து 15 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளியுங்கள். இடையில் ஒருமுறை தண்ணீரை வடித்து, மண் மயிரிழையாக வெடிக்கும்வரை காயப்போட்டுப் பிறகு கட்டுங்கள். அடுத்த பட்டத்தில் கடைசி உழவு முடிந்து சமன்படுத்திய பிறகு, நடுவதற்கு முன், 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 20 கிலோ மணலோடு கலந்து மேலாகத் தூவுங்கள். மடக்கி உழ வேண்டாம், டி.ஏ.பி.யோடு கலக்கவும் வேண்டாம்.

இலை நுனியிலிருந்தோ ஓரத்திலிருந்தோ நெளிநெளியாகக் காய்ந்து இறங்கினால் அது வேறு, பாக்டீரியா இலைக்கருகல். அந்த இலையை வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் வெட்டுவாய் முங்கும்படி வையுங்கள். சற்று நேரத்தில் வெட்டுவாயிலிருந்து பால் போலக் கலங்கல் இறங்கினால் உறுதி. அப்போது யூரியாவை நிறுத்திவிட்டு, பசுஞ்சாணக் கரைசலைத் தெளிக்க வேண்டும். 200 லிட்டருக்கு 40 கிலோ புதுச் சாணம் என்ற கணக்கில் கரைத்து, தெளியவைத்து, வடிகட்டி அடிக்கலாம். ஒரு வயலின் தண்ணீரை அடுத்த வயலுக்கு விடாமல் பார்த்துக்கொள்வது அதைவிட முக்கியம்.

தாளடியில் வட்ட வட்டமாகப் பயிர் காய்ந்து சாய்கிறது. கடையில் கொடுத்த மருந்தை இரண்டு முறை அடித்தேன். வட்டம் பெரிதாகிக்கொண்டே போகிறது. ஏன்?
*மன்னார்குடி வாசகர்*

இது புகையான் என்ற பூச்சி. அனுப்பியிருந்த காலி பாட்டிலின் படத்தில் இருப்பது சைபர்மெத்ரின் கலந்த மருந்து. அதுதான் காரணம். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகள் புகையானைத் தின்னும் சிலந்தியையும் மிரிட் நாவாய்ப் பூச்சியையும் முதலில் கொன்றுவிடுகின்றன. தண்டுக்குள் இருக்கும் புகையான் முட்டைக்கு ஒன்றும் ஆவதில்லை. ஒரு வாரத்தில் குஞ்சு பொரித்து, எதிரி இல்லாத வயலில் பெருகுகின்றன. ஒவ்வொரு தெளிப்புக்கும் வட்டம் பெரிதாவது இப்படித்தான்.

பூச்சி இலையில் இருக்காது. தண்ணீர் மட்டத்துக்கு மேலே அடித்தண்டில் கும்பலாக உட்கார்ந்து சாறு உறிஞ்சும். வட்டத்துக்கு வெளியே, பச்சையாக இருக்கும் பயிரில் பத்துப் பதினைந்து குத்துகளைச் சாய்த்துத் தட்டி, தண்ணீரில் விழுவதை எண்ணுங்கள். தூருக்கு ஒரு பூச்சி என்ற அளவை எட்டினால்தான் மருந்து தேவை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு பூச்சிவரை பொறுக்கலாம், சிலந்தியே பார்த்துக்கொள்ளும்.

அளவைத் தாண்டிவிட்டதென்றால் முதலில் தண்ணீரை வடியுங்கள். எட்டடிக்கு ஓரடி இடைவெளி விடாமல் நட்டிருந்தால், இப்போது கம்பு வைத்துப் பயிரை இருபுறமும் ஒதுக்கிப் பாதை எடுங்கள். காற்றும் வெயிலும் அடிவரை போவதே பாதி வைத்தியம், மருந்தடிக்கும் ஆள் உள்ளே போகவும் வழி கிடைக்கும். ஏக்கருக்குப் பைமெட்ரோசின் 50 சதம் 120 கிராம் அல்லது டைனோட்டிஃபூரான் 20 சதம் 80 கிராம், ஏதாவது ஒன்றை மட்டும் 200 லிட்டர் தண்ணீரில் கலந்து, நாசிலை அடித்தண்டை நோக்கித் திருப்பி அடியுங்கள். மேலே இலை நனைவதால் எந்தப் பயனும் இல்லை. தண்ணீர் அளவைக் குறைத்து, மருந்தைக் கூட்டி அடிப்பதும் அப்படித்தான். அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று டப்பாவின் லேபிளில் இருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

எண்ணிக்கை குறைவாக இருக்கும்போதே கவனித்தால் வேப்பங்கொட்டைச் சாறு போதும். 10 கிலோ பருப்பை இடித்து ஓர் இரவு ஊறவைத்து, வடிகட்டி, 200 கிராம் காதி சோப்பு கரைத்து, 200 லிட்டராக்கி அடிக்கலாம்.

யூரியாவை எப்போது நிறுத்துவது என்பதற்கு இலை வண்ண அட்டை இருக்கிறது. நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, பத்துச் செடிகளில் முழுக்க விரிந்த மேல் இலையை, உங்கள் நிழலில் வைத்து அட்டையோடு ஒப்பிடுங்கள். பத்தில் ஆறு இலைகள் 4-ஆம் எண் நிறத்துக்குக் கீழே இருந்தால் மட்டும் தழைச்சத்து. வெள்ளைப் பொன்னிக்கு 3-ஆம் எண். இந்த அட்டையைப் பார்த்து உரமிடும் வயலில் புகையானின் தொல்லை குறைவு.

பொதிப் பருவத்தில் (கதிர் தண்டுக்குள் இருக்கும் நேரத்தில்) எலி தண்டைக் கடித்துத் தள்ளுகிறது. விஷம் வைக்க மனமில்லை.
*திருவையாறு வாசகர்*

நம் தஞ்சாவூர் எலிப்பொறியான வில் கிட்டியே போதும். ஏக்கருக்கு 40 என்ற கணக்கில், வரப்பு ஓரத்திலும் வளைக்கு அருகிலும் எலி நடக்கும் தடத்தில் வையுங்கள். தனி வயலில் வைத்தால் பக்கத்து வயல் எலி வந்துகொண்டே இருக்கும். வாய்க்கால் முழுக்க ஒரே இரவில் வைப்பதில்தான் பலன். ஆந்தை வந்து உட்கார டி வடிவக் குச்சிகளை நடுங்கள். கதிர் முற்றும் நேரத்தில் அவற்றைப் பிடுங்கிவிடுங்கள், பகலில் தானியம் தின்னும் பறவைகளுக்கு இடமாகிவிடும். வரப்பு அகலமாக இருந்தால் வளைக்கு வசதி. முக்கால் முழத்துக்கு மேல் அகலம் வேண்டாம்.

நிலம் மாமனார் பெயரில் இருக்கிறது. வேலை முழுக்க நான்தான் பார்க்கிறேன். பயிற்சி வகுப்புகளில் என்னைச் சேர்ப்பார்களா? எங்கே, எப்படிக் கேட்க வேண்டும்?
*நீடாமங்கலத்திலிருந்து ஒரு சகோதரி*

சேர்ப்பார்கள். பயிற்சிக்கும் மானியத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். மானியத்துக்குத்தான் சிட்டா, அடங்கல் போன்ற நில ஆவணங்கள் எல்லாம். பயிற்சிக்குப் பெரும்பாலும் ஆதாரும் கைபேசி எண்ணும் போதும். அட்மா என்ற வேளாண் விரிவாக்கத் திட்டத்தில் நிதியில் குறைந்தது 30 சதம் பெண் விவசாயிகளுக்குப் போக வேண்டும் என்பது வழிகாட்டு நெறிமுறையிலேயே இருக்கிறது. ஆகவே தயங்காமல் கேளுங்கள்.

உங்களுக்கு மிக அருகில் இருப்பது நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. நாகப்பட்டினம் பக்கத்தவர்களுக்குச் சிக்கல், கடலூர் மாவட்டத்தாருக்கு விருத்தாசலம், புதுக்கோட்டை மாவட்டத்தாருக்கு வம்பன் என்று நிலையங்கள் உள்ளன. நெல்லுக்கென்றே ஆடுதுறையில் தமிழ்நாடு நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்த நிலையங்களில் நடக்கும் பயிற்சிகளின் பட்டியல் முன்கூட்டியே தயாராகிவிடும். நேரில் போய் உங்கள் பெயர், ஊர், பயிர், கைபேசி எண் கொடுத்து, எந்தப் பயிற்சி வேண்டும் என்றும் எழுதிக்கொடுத்து வாருங்கள். நாளிதழில் அறிவிப்பு வந்த பிறகு போனால் இடம் நிரம்பியிருக்கும்.

இன்னொரு வழி வட்டார வேளாண்மை விரிவாக்க மையம். அங்குள்ள உதவி வேளாண்மை அலுவலரையும், அட்மாவின் வட்டாரத் தொழில்நுட்ப மேலாளரையும் பாருங்கள். உழவன் செயலியிலும் பதிந்து வைக்கலாம். ஆனால் செயலியில் பதிந்ததோடு நிற்காமல் ஆளையும் பார்த்துவிடுங்கள், அதுதான் வேலை நடக்கும் வழி.

எங்களைக் கேட்டால், ஒருநாள் வகுப்பைவிடப் பண்ணைப் பள்ளியைக் கேட்கச் சொல்வோம். இருபத்தைந்து பேர் சேர்ந்து, ஒருவரின் வயலையே வகுப்பறையாக்கி, நாற்றங்கால் முதல் அறுவடை வரை பருவத்துக்குப் பருவம் கூடுவது அது. ஒருநாள் வகுப்பில் கேட்டது வீட்டுக்கு வருவதற்குள் பாதி மறந்துவிடும். பண்ணைப் பள்ளியில் புகையானைத் தட்டி எண்ணுவதையும், இலை வண்ண அட்டை பிடிப்பதையும் உங்கள் கையே பழகிக்கொள்ளும். உங்கள் மகளிர் குழுவில் இருபத்தைந்து பேர் இருந்தால், சித்திரை, வைகாசியிலேயே கையெழுத்திட்டு மனு கொடுங்கள். நடவு தொடங்கிய பிறகு கேட்டால் அடுத்த ஆண்டு என்றுதான் பதில் வரும்.

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். நோய் கண்ட செடியை வேரோடும் மண்ணோடும் பிடுங்கி எடுத்துப் போங்கள். பக்கத்தில் நன்றாக நிற்கும் செடி ஒன்றும் வேண்டும், ஒப்பிட்டால்தான் தெரியும். நட்ட தேதி, ரகம், போட்ட உரம், அடித்த மருந்து இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மண் பரிசோதனைக்கு மாதிரி எடுப்பதானால் அறுவடை முடிந்து எரு கொட்டுவதற்கு முன் எடுங்கள். வரப்போரம், மரநிழல், எருக்குவியல் இடங்களைத் தவிர்த்து, பத்து இடங்களில் ‘வி’ வடிவில் அரையடி வெட்டி, பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரு சீவல் எடுத்து, எல்லாவற்றையும் கலந்து, நிழலில் உலர்த்தி அரைக் கிலோவாகக் குறைத்துக் கொடுங்கள்.

பத்தாம் வகுப்பு முடித்த என் மகன் டிரோன் ஓட்டக் கற்க விரும்புகிறான். வழி உண்டா?
*குத்தாலம் வாசகர்*

வயது 18 ஆகி, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி இருந்தால் போதும். அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த பயிற்சி நிறுவனத்தில் படித்து, ரிமோட் பைலட் சான்றிதழ் வாங்க வேண்டும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் பயிற்சி தருகிறார்கள். பணம் கட்டும் முன் அந்த நிறுவனத்தின் அங்கீகாரத்தைச் சரிபாருங்கள், ‘சான்றிதழ்’ என்று வெறும் தாளைக் கொடுக்கும் இடங்களும் இருக்கின்றன. ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. எந்த மருந்தை டிரோனில் எந்த அளவில் கலக்கலாம், எந்தக் காற்றில் நிறுத்த வேண்டும் என்பதும் தெரிந்தால்தான் ஊரில் வேலை நிலைக்கும்.

சம்பா காப்பீட்டுக்கு இன்னும் பணம் கட்டவில்லை. எப்போது வரை கட்டலாம்?
*சீர்காழி வாசகர்*

வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள். நீட்டிப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். டெல்டா சம்பாவுக்கு விவசாயியின் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதம். கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் அல்லது விதைப்புச் சான்று, சிட்டா, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், ஆதார் இவற்றோடு பொதுச் சேவை மையத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ கட்டலாம். ரசீதை வாங்கியதும் அங்கேயே நின்று வருவாய்க் கிராமத்தின் பெயரையும் சர்வே எண்ணையும் படியுங்கள். விளைச்சல் இழப்பு அறிவிக்கப்பட்ட கிராம அளவில், பயிர் அறுவடைப் பரிசோதனையை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. நிலம் ஓர் ஊரிலும் வீடு ஓர் ஊரிலும் இருப்பவர்களுக்கு, வீட்டு ஊரைத் தட்டச்சு செய்துவிட்டால் இழப்பீடு வராது. புகாருக்குக் கட்டணமில்லா எண் 14447.

சம்பா அறுப்புக்கு முன் உளுந்து தெளித்தால் சில ஆண்டு நன்றாக வருகிறது, சில ஆண்டு முளைப்பே இல்லை. எங்கே தவறுகிறது?
*கும்பகோணம் வாசகர்*

பெரும்பாலும் ஈரத்தில். அறுப்புக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது தெளிக்க வேண்டும். காலை வைத்தால் தடம் பதிய வேண்டும், ஆனால் தடத்தில் தண்ணீர் ஊறக் கூடாது. தண்ணீர் நின்றால் விதை அழுகும், வெடிப்பு விட்டுவிட்டால் விதை வெடிப்புக்குள் போய்விடும் அல்லது மேலேயே காய்ந்துவிடும். பள்ளமும் மேடுமாக இருக்கும் வயலில் இரண்டு பதமும் ஒரே நாளில் இருக்கும். பள்ளத்தை இரண்டு நாள் கழித்துத் தனியாகத் தெளியுங்கள்.

இன்னொரு காரணம் அறுவடை இயந்திரம். ஆள் வைத்து அறுத்த காலத்தில் பத்து நாள் முன்னதாகத் தெளித்தது சரி. இப்போது பத்து நாளில் இரண்டு இலை விட்ட செடியின் மேல் இயந்திரம் ஏறினால் நசுங்கிவிடும். ஆகவே இயந்திரம் வரும் நாளை உறுதி செய்துகொண்டு, நான்கைந்து நாள் முன்பு தெளியுங்கள். டயர் வண்டியைவிட பெல்ட் வண்டிக்கு மண் குறைவாக அமுங்கும். வண்டி குவித்துத் தள்ளும் வைக்கோலை அன்றே விரித்தோ அள்ளியோ விடுங்கள், வரிசை வரிசையாக உளுந்து வராமல் போவது அதன் அடியில்தான்.

ஆடுதுறை 3, நெல் தரிசுக்கு நெடுநாளாகப் பழகிய ரகம். ஏக்கருக்கு 10 முதல் 12 கிலோ விதை. முதலில் ரைசோபியம் நுண்ணுயிர் உரம் ஒரு பொட்டலத்தை ஆறிய வடிகஞ்சியில் கலந்து விதையில் பூசி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்துங்கள். தை பிறந்ததும் தெளித்துவிடுவது நல்லது. மாசி பாதிக்கு மேல் போனால் பூக்கும் நேரத்தில் வெயில் ஏறி, ஈரமும் தீர்ந்து, பூ உதிரும்.

தண்ணீர் பாய்ச்சாத பயிர் என்பதால் உரம் இலை வழியாகத்தான். 4 கிலோ டி.ஏ.பி.யை 20 லிட்டர் தண்ணீரில் முதல்நாள் மாலை ஊறவைத்து, காலையில் மேலாகத் தெளிந்ததை மட்டும் வடித்து, 200 லிட்டராக்கி, பூக்கும் போது ஒருமுறையும் 15 நாள் கழித்து ஒருமுறையும் தெளியுங்கள். அடியில் தங்கும் கசடைக் கலக்கி ஊற்றினால் நாசில் அடைக்கும், இலையும் கருகும். அதற்குப் பதிலாகப் பல்கலைக்கழகத்தின் பயறு ஒண்டர் என்ற சத்துக்கலவையை ஏக்கருக்கு 2 கிலோ பூக்கும் நேரத்தில் அடிக்கலாம். மஞ்சள் தேமல் கண்ட செடி தென்பட்ட அன்றே பிடுங்கிப் புதைத்துவிடுங்கள். வெள்ளை ஈ அதிலிருந்துதான் அடுத்த செடிக்கு நோயைக் கொண்டுபோகிறது. முதல் மாதத்தில் பிடுங்கும் பத்துச் செடி, பிறகு அடிக்கும் மூன்று டேங்க் மருந்தைவிட அதிகம் காப்பாற்றும்.